கணிப்பொறி மொழிகளும் அளிப்புரிமையும்

தமிழுக்கு உரிமையாளர் எவரும் இலர். அதில் புதுச்சொல் ஆக்க எவரிடமும் நாம் ஒப்புதல் பெற வேண்டுவதில்லை. கணிப்பொறிக்கென ஆக்கப்படும் மொழிகளின் நிலை வேறு. எழுதிய கட்டளைகளைப் பொறி ஏற்கும் வடிவுக்கு மாற்றித் தரும் 'கம்பைலர்' என்னும் மென்பொருள் இல்லையேல், அம்மொழி ஏட்டுச் சுரைக்காயே. கம்பைலரோ நூல் போன்றது. எழுதப்பட்ட அளவிலேயே பதிப்புரிமைச் சட்டத்துக்கு உட்படுகிறது. ஆகவே, அதனைப் பொதுவில் வைக்க விழைவோர் எத்தகைய உரிமம் தருகின்றனர் என்பது பெரிய வினாவாகிறது.

எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி முதலியன தளர்வான உரிமங்கள். ஆக்கியோரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காதவரை, எடுப்பவர் மென்பொருளைத் திருத்தலாம். திருத்திய மூலநிரலை மறைத்து விற்கவும் செய்யலாம். மற்றொரு வகை அளிப்புரிமை. 'காப்பிரைட்' என்பதைப் புரட்டி 'காப்பிலெஃப்ட்' என வேடிக்கையாக வழங்கிய பெயரின் தமிழாக்கம் இது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட ஜி.பி.எல். இதன் தலையாய சான்று. திருத்தி வெளியிடுவோர், திருத்திய மூலநிரலையும் அதே உரிமத்தோடு வழங்கியாக வேண்டும்.

இவ்வேற்றுமை நம் பெரியோர்க்குப் புதிதன்று. அன்பளிப்பாகப் பெற்ற நிலத்தைப் பெற்றவர் விற்கலாம், வேலியிட்டும் கொள்ளலாம். வக்பு செய்த நிலத்தையோ எவரும் விற்கவோ வாரிசுக்கு விடவோ இயலாது. தளர்வான உரிமம் முன்னதையும் அளிப்புரிமை பின்னதையும் ஒக்கும். ஒப்புமை முற்றப் பொருந்துவதன்று. அளிப்புரிமை மென்பொருளை விலைக்கு விற்கத் தடையில்லை, மூலநிரலை மறைத்தற்கே தடை.

இத்தடையால் விளைந்த பயனுக்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்டால்மன் 1987-இல் ஜி.சி.சி. என்னும் கம்பைலரை வெளியிட்டார். ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் அதன்மேல் 'அப்ஜெக்டிவ்-சி' மொழிக்குரிய பகுதியைக் கட்டியது. தன் பகுதியை மட்டும் மூலநிரலின்றித் தனியே தந்து, பயனாளரே இணைத்துக்கொள்ளட்டும் என எண்ணியது. உரிமம் அதற்கு இடந்தராது என்று ஸ்டால்மன் மறுத்தார். நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது.

ஆயின், மொழிகளுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. கம்பைலரோடு வரும் நூலகத்தின் துணுக்குகள், அதனால் உருவாகும் ஒவ்வொரு மென்பொருளுள்ளும் புகுகின்றன. ஜி.பி.எல். அவற்றையும் பற்றுமாயின், அம்மொழியில் எழுதப்படும் அனைத்தும் ஜி.பி.எல். ஆகிவிடும், வணிக நிறுவனங்கள் அம்மொழியை அண்டா. இதனாலேயே ஜி.சி.சி.யின் நூலகங்களுக்கு விதிவிலக்கு எழுதப்பட்டது. 2006-இல் ஜாவாவை ஜி.பி.எல். கீழ் வெளியிடத் தொடங்கிய சன் நிறுவனமும் நூலகங்களுக்கு அவ்வாறே விலக்களித்தது.

அளிப்புரிமையைக் காக்கும் அச்சமே சில வேளை இழப்பாயிற்று. ஜி.சி.சி.யின் உட்பகுதிகளைப் பிரித்தெடுத்து மூடிய மென்பொருளோடு இணைத்துவிடுவர் எனக் கருதி, அதற்கு வழி திறப்பதை ஸ்டால்மன் நெடுங்காலம் எதிர்த்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-இல் கிறிஸ் லாட்னர் தொடங்கிய எல்.எல்.வி.எம். திட்டமோ தளர்வான உரிமத்தில், எவரும் பிரித்தெடுத்துப் பயன்கொள்ளுமாறு அமைந்தது. ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா ஆகிய மொழிகள் அதன்மீதே எழுந்தன. நெக்ஸ்டை விலைக்கு வாங்கிய ஆப்பிள், 2005-இல் லாட்னரைப் பணியில் அமர்த்தி, நாளடைவில் ஜி.சி.சி.யையே கைவிட்டது! 2014-இல் அது அறிமுகம் செய்த ஸ்விஃப்ட்டின் மூலநிரல் 2015 இறுதியில் வெளியாயிற்று. ஆயின், அது நிறுவனத்தின் விருப்பம், கடமையன்று.

நூலகத்துக்குத் தளர்வான உரிமமும் கம்பைலருக்கு அளிப்புரிமையும் தருதலே தக்கதென நாம் கருதுகிறோம். கோ, ரஸ்ட் போன்ற மொழிகளை ஆக்கியோர் இரண்டுக்கும் தளர்வையே தேர்ந்தனர். மொழி விரைந்து பரவ அது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை.

நம் மாணவர் சிலர் தாம் எழுதியதை உரிமம் எதுவும் குறிக்காமல் வெளியிடுகின்றனர். அது எல்லார்க்கும் பொது என்பது அவர்தம் எண்ணம். சட்டமோ, உரிமம் தராத ஆக்கத்தைப் படியெடுக்க எவர்க்கும் உரிமையில்லை என்கிறது. பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் எளிதன்று. எல்.எல்.வி.எம். 2019-இல் புதிய உரிமத்துக்கு மாறத் தொடங்கியபோது, முன்பு பங்களித்தோர் ஒவ்வொருவரின் ஒப்புதலையும் நாடவேண்டியதாயிற்று. அப்பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது.