கை பிசையும் குழந்தைகள்

ஆஸ்திரியா தேசத்தின் தலைநகரான வியன்னாவில், 1954-ம் வருஷம் ஒரு நாள், ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற குழந்தை வைத்தியர் தம்மைக் காண வந்து காத்திருந்தவர்களிடையே இரண்டு சிறுமிகளைப் பார்த்தார். இருவரும் தத்தம் தாயாரின் மடியில் அமர்ந்து, கை கழுவுவதைப் போல ஓயாமல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தனர். அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1966-ல் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை உலகம் அதிகம் கவனிக்கவில்லை. 1983-ல் ஸ்வீடன் தேசத்து வைத்தியர் பெங்ட் ஹாக்பெர்க்கும் அவருடைய சகாக்களும் 35 சிறுமிகளின் நிலையை விவரித்த பின்னரே 'ரெட் நோய்' என்ற பெயர் எங்கும் பரவிற்று.

ஏறக்குறைய 10,000 பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு இந்நோய் வருகிறது. ஆண் குழந்தைகளிடம் மிக அபூர்வம். இதன் கொடுமை யாதெனில், பிறந்த சில மாதங்கள் வரை குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும், சிரிக்கும், மழலை பேசும். 6 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் வளர்ச்சி தடைப்படுகிறது. கற்ற சொற்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பொம்மையைப் பிடித்த கைகள் பிசையத் தொடங்குகின்றன. தலையின் வளர்ச்சி மந்தமாகிறது. நடை தள்ளாடுகிறது. விழித்திருக்கும் வேளையில் மூச்சு சற்று நிற்பதும், பிறகு வேகமாக இரைப்பதும் உண்டு. பலருக்கு வலிப்பும், முதுகெலும்பு வளைவும் நேருகின்றன.

"நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கலங்காத தாய் இல்லை. ஆனால் காரணம் 1999-ல் தெரிந்துவிட்டது. ஹூஸ்டன் நகரில் ஹூடா ஸோக்பி என்ற பெண்மணியின் ஆராய்ச்சிக் கூடத்தில், எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில் ஏற்படும் பழுதே இதற்கு மூலம் என்று கண்டார்கள். பெரும்பாலும் அப்பழுது புதிதாக, தற்செயலாக நேர்வது. தாயின் உணவோ, நடத்தையோ, வளர்ப்போ காரணமல்ல. ஆகவே, வீட்டுப் பெரியவர்கள் மருமகளைக் குறை கூறுவது வீண் கொடுமை.

2007-ல் எடின்பரோவில் ஆட்ரியன் பேர்டும் அவருடைய சகாக்களும், சுண்டெலிகளில் அந்த மரபணுவை மீண்டும் இயங்கச் செய்தபோது நோயின் அறிகுறிகள் தணிந்தன. 2023-ல் அமெரிக்காவில் டிரோஃபினெடைட் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது ஓரளவு துன்பத்தைக் குறைக்குமேயன்றி நோயை அடியோடு நீக்காது. உடற்பயிற்சி, வலிப்புக்குச் சிகிச்சை, சத்துள்ள ஆகாரம் ஆகியவை அவசியம். இவற்றின் துணையால் பலர் நடுவயது வரையிலும் வாழ்கிறார்கள்.

பேசிய குழந்தை பேச்சை மறந்தாலும், பிடித்த கை பிடியை இழந்தாலும், "தானே சரியாகிவிடும்" என்று காத்திராமல் நரம்பு வைத்தியரிடம் காட்டுங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இக்குழந்தைகள் வாய் பேசாவிட்டாலும், அவர்களில் பலர் கண்களால் பேசுகிறார்கள். பாலையும் பழத்தையும் எதிரே வைத்தால், வேண்டியதையே உற்று நோக்குவார்கள். அந்தப் பார்வைக்குச் சற்றுக் காத்திருந்து பதில் சொல்வது, பெற்றோர் இன்றே தொடங்கக்கூடிய சிகிச்சை.