வழியில் பூசை பார்த்த லாரி டிரைவர்!

சென்னை துறைமுகத்தில் மூட்டை ஏற்றினால் கல்கத்தா வரை ஓட்டம். ஞாயிறு ரோட்டிலேயே கழியும். ஆனால் ராயபுரத்து டிரைவர் ஒருவர் பூசையை விட்டதில்லை. வழியில் எந்த மாதா கோயில் தென்பட்டாலும் லாரியை ஓரங்கட்டிவிடுவார். லேட்டானால் முதலாளி பேட்டாவில் கை வைப்பார்.

"காசு போனா போவுது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தா கண்ணு தெளியுது" என்பார்.

அதில் நியாயம் உண்டு. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி, 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணியாவது ஓய்வு தரவேண்டும் என்று அன்று இருந்தது. ரோட்டில் அது ஏட்டுச் சுரைக்காய்! தூக்கக் கலக்கத்தில் மரத்தில் மோதிச் செத்தவர்கள் எத்தனையோ பேர்.

இவரோ மூன்று பிள்ளைகளைக் கரையேற்றி, பேரன்-பேத்தி பார்த்து, 84 வயதில் வீட்டுக் கட்டிலில் கண்மூடினார். பெட்டியைத் தூக்கியவர்கள், அவரிடம் கிளீனராக இருந்து டிரைவரானவர்கள்.