முதற் கோணல் முற்றும் கோணலா?

"முதற் கோணல் முற்றும் கோணல்" என்பர் பெரியோர். வீட்டிலே படகு கட்ட முற்படுவோர்க்கு இப்பழமொழி அச்சமூட்டுவது இயல்பே. ஆயினும், உரிய வேளையிற் கண்டுகொண்ட கோணல் முற்றும் கோணலாக வேண்டியதில்லை என்பதை நாம் அநுபவத்தில் அறிந்தோம்.

1873ஆம் ஆண்டில் தேசாதிபதி கிரகரி காலத்தில் அமைந்த நுவரெலியா வாவியும், 1960களில் உருவான காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும் மலையகத்தின் கண்கள். அவற்றைப் பார்த்து வளர்ந்த எமது மகனின் ஆசைக்கு இணங்கி, அட்டன் இல்லத்து விறாந்தையில் ஒரு 'கயாக்' கட்டலானோம்.

வடதுருவத்து இனுவிட் மக்கள் மரச்சட்டத்தின்மேல் தோல் போர்த்து, கடல் வேட்டைக்குச் சென்ற ஒடுங்கிய ஓடமே கயாக். இக்காலத்தில் மெல்லிய ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் எபொக்சிப் பசையிட்டு அதனைக் கட்டுவோர் பலர். 1963இல் பிரித்தானியாவில் வெளிவந்த 'மிரர்' பாய்ப்படகு இம்முறையைப் பிரபலமாக்கிற்று. கயிற்றால் பலகை தைத்துக் கடலோடிய நம்மவர்க்கு இது முற்றும் புதிதன்று.

தைத்து முடித்த அன்று மாலை தோட்டத்து ஆசாரியார் வந்தார். நேரான இரு சட்டங்களைப் படகின் முன்னும் பின்னும் குறுக்காக வைத்து, ஒரு கண்ணை மூடி நோக்கினார்.

"மாஸ்டர், படகு முறுக்கி நிற்கிறதுங்களே!" என்றார்.

நாமும் நோக்கினோம். சட்டங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பின்சட்டத்தின் ஒரு முனை விரலளவு உயர்ந்திருந்தது.

வர்ணம் பூசினால் எவர் அறிவார் என்று மனம் சமாதானம் கூறிற்று. நீர் அறியுமே! முறுகிய படகு ஒரு பக்கமாக இழுக்கும். துடுப்பு வலிப்பவன் ஓயாது திருத்திக் களைப்பான். நடுநீரில் காற்று எழுந்தால் அக்களைப்பே ஆபத்தாகும். அதில் அமரப்போகிறவன் எமது மகன்.

காரணம் இரண்டு. மழைநீர் வடியச் சரித்த தரையில் ஒரு தாங்கியின் கால் தாழ்ந்திருந்தது. மேலும், ஒரு பக்கத் தையலை முற்றாக இறுக்கிய பின்னரே மறுபக்கம் சென்றிருந்தோம்.

கம்பிகளைத் தளர்த்தினோம். தாங்கியின் காலுக்கு ஆப்பு வைத்தோம். முன்முனையிலிருந்து பின்முனைவரை நூல் கட்டி, ஒவ்வொரு குறுக்குப் பலகையின் நடுக்குறியும் அதன் நேர்கீழே வருகிறதா எனத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். முன்முனையிலிருந்து குறுக்குப் பலகையின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தையும் சமப்படுத்தினோம். பின்னர் நடுவிலிருந்து தொடங்கி, இருபக்கமும் மாறிமாறி இறுக்கினோம்.

முதலில் தையல்களுக்கிடையே துளிப்பசை மட்டும் இடுதல் நன்று. மலைக்குளிரில் எபொக்சி மெல்லவே இறுகுமாதலால், அதுவரை படகை அசைக்கலாகாது. முழுப்பசையும் இறுகிய பின் முறுக்கைக் கண்டாலோ, இணைப்பை அறுத்துப் பிரிக்க நேரும். மிகச் சிறிய முறுக்காயின், பின்னடியில் அசையாத சிறு பலகை பொருத்தி ஓரளவு ஈடுசெய்யலாம். எவ்வளவு செம்மையாகக் கட்டினும், மிதவை அங்கியின்றி நீரில் இறங்குதல் தகாது.

இறுதியாகச் சட்டங்களை நோக்கியவன் மகனே.

"அப்பா, இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன" என்றான்.

அதன் பின்னரே பசைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தோம்.