கம்பெனிக்காரன் மதிப்பானா?

பட்டம் வாங்கிய கதை – 11

சூரமங்கலத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். அவனுக்குத் தினமும் போன் வருகிறதாம். வேலையை விட வேண்டாம், வகுப்புக்கு வர வேண்டாம், மூன்று வருஷத்தில் பி.டெக்., எல்லாமே ஆன்லைன், ஈ.எம்.ஐ. வசதியும் உண்டு. "பணத்தைப் புரட்டிக் கட்டிடலாம்ங்க. கட்டுன பிறகு கம்பெனிக்காரன் இதை மதிப்பானா, அதை மட்டும் சொல்லுங்க" என்று முடித்திருக்கிறார். கூடவே, பிளஸ் டூவோடு நின்றுவிட்ட மருமகளை பி.காம். சேர்க்கலாமா என்று பின்குறிப்பாக ஒரு கேள்வி.

சேலம் ஜங்ஷன் இருக்கும் ஊர் சூரமங்கலம். 2007 நவம்பரில் சேலம் தனி ரயில்வே கோட்டம் ஆனது. இந்தப் பக்கம் கோட்ட அலுவலகம், அந்தப் பக்கம் இரும்பாலை. டிப்ளமோவோடு வேலைக்குப் போய், ஷிப்டுக்கு நடுவே 'கரஸ்ல ஒரு டிகிரி போட்டுடலாம்' என்று யோசிக்காத ஆள் இங்கே குறைவு. ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு ஸ்டடி சென்டர், கரண்ட் கம்பத்தில் 'பாதியில் விட்ட படிப்பா? ஒரே ஆண்டில் பட்டம்' என்றொரு நோட்டீஸ். எல்லா ஊரிலும் இருப்பதுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன மிகப் பெரிய பதிலில் சேலத்தின் பெயரும் இருக்கிறது. அதனால் இந்த வாரம் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கு தொடங்கியது ஒடிசாவில். அங்கே அரசுப் பாசனக் கழகத்தில் ஒரு பிரச்சினை: தொலைநிலையில் வாங்கிய பொறியியல் பட்டத்தைப் பதவி உயர்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா? ஒடிசா உயர் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்றது. இதே மாதிரிப் பட்டங்கள் செல்லாது என்று பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் 2012இல் சொல்லியிருந்தது. இரண்டும் மோதி, விஷயம் டெல்லிக்குப் போனது. 2017 நவம்பர் 3ஆம் தேதி நீதிபதிகள் ஏ.கே.கோயல், யு.யு.லலித் அமர்வு தீர்ப்புச் சொன்னது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் பற்றிய தீர்ப்பு அது. நான்கில் இரண்டு ராஜஸ்தானில், ஒன்று அலகாபாத்தில். நான்காவது, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட விநாயகா மிஷன்ஸ் ரிசர்ச் பவுண்டேஷன்.

தீர்ப்பின் நடுவே ஒரு கோடு கிழிக்கப்பட்டது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைப்பு. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வை அவர்கள் எழுத வேண்டும். இரண்டு வாய்ப்பு. தேறினால் பட்டம் பிழைக்கும், தேறாவிட்டால் பட்டமும் போகும், அதை வைத்துப் பெற்ற பலன்களும் போகும். தேர்வே வேண்டாம் என்பவர்களுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 2005க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குத் தேர்வும் கிடையாது, பட்டம் நேராக ரத்து. அடுத்த ஜனவரியில் கொஞ்சம் இளக்கம் காட்டினார்கள்: பழைய அணியினர் தேர்வு முடிவு வரும் வரை வேலையில் நீடிக்கலாம். 2018 ஜூனில் தேர்வு நடந்தது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2001இல் இருபத்தைந்து வயதில் சேர்ந்தவருக்குத் தேர்வு வரும்போது நாற்பத்திரண்டு. டிகிரியைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியிருப்பார், அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் எடுத்திருப்பார், பையன் பத்தாவது படித்துக்கொண்டிருப்பான். அந்த வயதில் மறுபடி இன்ஜினீயரிங் மேத்ஸ் புத்தகத்தைத் திறக்க வேண்டும். மாணவர்கள் தரப்பில் இதைவிட நியாயமான புலம்பல் இருக்க முடியாது. சேரும்போது அது அனுமதியுள்ள படிப்பு என்றுதானே விளம்பரம் சொன்னது? பல்கலைக்கழக மானியக் குழு என்ற யு.ஜி.சி., தொலைநிலைக் கல்விக் குழு என இரண்டு அமைப்புகள் இருந்தும் முன்கூட்டித் தடுக்கவில்லையே? முன்தேதியிட்டு அனுமதி கொடுத்த கதையும் இதில் உண்டு. அனுமதி தந்த அதிகாரிகளை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. கல்வி வணிகமாகிவிட்டதைக் கடுமையாகவே கண்டித்தது. ஆனால் ரத்தான பட்டம் ரத்தானதுதான். நேரில் போய் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களின் பட்டத்தை இந்தத் தீர்ப்பு தொடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேலத்தில் இதைக் குழப்பிக்கொண்டு பயந்தவர்கள் உண்டு.

இந்த வழக்கை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் இருக்கிறது. 'மதிப்பானா' என்ற கேள்விக்கு முன்னால் 'செல்லுமா' என்று ஒரு கேள்வி இருக்கிறது. போன் செய்கிறவர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். கம்பெனிக்காரன் மதிக்காத பட்டத்தை அனுபவத்தால் ஈடுகட்டலாம், ஐந்து வருஷம் நன்றாக வேலை செய்தால் அவனே மறந்துவிடுவான். செல்லாத பட்டத்தை எதை வைத்தும் ஈடுகட்ட முடியாது. என் அபிப்பிராயத்தில், அவமானத்தைவிடப் பெரிய ஆபத்து அதுதான்.

அரசாங்கம் முதலாளியாக இருக்கும் இடங்களில் மதிப்பு, மரியாதை என்ற பேச்சே கிடையாது. விதி ஒத்துவருகிறதா என்று பார்ப்பார்கள். யு.ஜி.சி.யின் தொலைநிலைப் பிரிவு அனுமதித்த பட்டம் மத்திய அரசு வேலைக்குச் செல்லும் என்று 2015இல் மத்திய அரசின் அறிவிக்கை வந்தது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. மறுபடி அறிவித்தது. தமிழ்நாட்டில் கூடுதலாக ஒன்று: பத்து, பன்னிரண்டு, பிறகு டிகிரி என்று வரிசை தப்பக் கூடாது. தரமணி திரைப்படக் கல்லூரி முதல்வர் பதவி பற்றிய வழக்கில், முதல் டிகிரி இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாக வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசும் ஆணை போட்டுவிட்டது. கரண்ட் கம்பத்து 'பத்தாவது பெயிலா, நேரடி டிகிரி' நோட்டீஸ்களைக் கிழித்துப்போட இந்த ஒரு ஆணை போதும். ஆனாலும் ஒட்டுகிறார்கள்.

ஒரு காலத்தில் கரஸ் படிப்பை அரசாங்கமே ஊட்டி வளர்த்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது, அண்ணாமலை 1979இல், சென்னை 1981இல். தமிழ்நாட்டு ஆசிரியர்களில் எத்தனையோ பேர் எம்.ஏ., எம்.எட். எல்லாம் அப்படித்தான் வாங்கினார்கள். கூடுதல் பட்டத்துக்கு ஊக்க ஊதியம் இருந்ததல்லவா, அது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அந்தப் பட்டங்களைப் பற்றி 'பெட்டிக்கடை டிகிரி' என்று யாரும் பேசியதில்லை, பல்கலைக்கழகத்தின் பெயர் தாங்கிக்கொண்டது. ஆனால் அந்தப் பெயர்களுக்கும் காவல் தேவைப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அனுமதி, அதற்குப் பிறகு சேர்த்தது செல்லாது என்று 2022இல் யு.ஜி.சி. எச்சரித்தது. ஆக, அரசுப் பல்கலைக்கழகம் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்ட முடியாது. எந்தப் படிப்பு, எந்த ஆண்டு, எந்த முறை என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தனியாரிடம் வருவோம். புதிதாக ஆள் எடுக்கும் பெரிய ஐ.டி. கம்பெனிகளின் அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். அறுபது சதவீதம், அரியர் கூடாது என்பதோடு 'முழுநேரப் படிப்பு மட்டும்' என்று ஒரு வரி இருக்கும். வேலை தேடும் நௌக்ரி தளத்தில் படிப்பைப் பதியும்போது முழுநேரமா, பகுதிநேரமா, அஞ்சல்வழியா என்று தனியாகக் கேட்கிறது. மூன்றாவதைத் தொட்டவரின் விண்ணப்பத்தை மனிதர் படிக்கும் முன்பே கம்ப்யூட்டர் ஒதுக்கிவிட வழி இருக்கிறது. யு.ஜி.சி. சமம் என்று சொன்னது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும், தனியார் கம்பெனி யாரை எடுக்க வேண்டும் என்பதை அது சொல்ல முடியாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் நிலை வேறு. ஐந்தாறு வருஷ அனுபவத்தோடு கம்பெனி மாறுகிறவரிடம் கேள்வி எல்லாம் வேலையைப் பற்றித்தான் வரும். டிகிரி, விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும்.

சந்தேகம் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் லாபத்துக்கென்றே வெளிப்படையாக நடக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அங்கே ஐந்து ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து நிஜமான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் அந்த ஐவரில் ஒருவர். 2016இல் வெளியான முடிவு இது: வணிக நிர்வாகத்தில் ஆன்லைன் லாபப் பல்கலைக்கழகப் பட்டம் என்று போட்டிருந்தால், கம்பெனி திருப்பிக் கூப்பிடும் வாய்ப்பு 22 சதவீதம் குறைவு. ஹார்வர்டோடு ஒப்பிட்டு வந்த கணக்கு இல்லை இது. யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் சாதாரண அரசுக் கல்லூரியோடு ஒப்பிட்டது. அந்தப் பல்கலைக்கழகங்களில் பெரியதான ஃபீனிக்ஸ், மைக்ரோசாஃப்ட், ட்விட்டர் போன்ற கம்பெனிகளோடு கைகோத்து வேலை வாங்கித் தருவதுபோல விளம்பரம் செய்தது என்று வழக்கு வந்தது. 2019இல் அதை முடித்துக்கொள்ள 5 கோடி டாலர் பணமும், மாணவர்கள் வைத்திருந்த பாக்கியில் 14.1 கோடி டாலர் தள்ளுபடியும் தர வேண்டியிருந்தது. மதிப்பு நிஜமாகவே இருந்தால் அந்தப் பெயர்களைக் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் சட்டப்படி யாரும் லாபத்துக்குப் பல்கலைக்கழகம் நடத்துவதில்லை. எல்லாம் அறக்கட்டளை, சங்கம். 'நியாயமான உபரி' வைத்துக்கொள்ளலாம் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அந்த உபரியின் மேல்தான் எத்தனை கட்டடங்கள் எழும்பின! அதே 2002இல் சத்தீஸ்கர் ஒரு சட்டம் போட்டு, கொஞ்ச காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களை அனுமதித்தது. வகுப்பறைகூட இல்லாதவை அதில் அடக்கம். விஞ்ஞானி யஷ்பால் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரியில் அத்தனையும் ஒரே தீர்ப்பில் போயின.

இன்றைக்கு விதிகள் இறுகியிருக்கின்றன. பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், கட்டடக்கலை ஆகியவற்றில் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பட்டம் தர முடியாது. பல்கலைக்கழகம் தன் படிப்பை வேறொரு கம்பெனிக்கு பிரான்சைஸ் கொடுக்கக் கூடாது. 2020 விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று மார்க் ஷீட்டின் பின்பக்கம் இருக்கிறது. எந்த முறையில் படித்தார், எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது முடித்தார், எங்கே தேர்வு எழுதினார் என்பதை அங்கே அச்சிட வேண்டும். முன்பக்கத்தில் முத்திரையும் பட்டத்தின் பெயரும் நேரடிப் பட்டம் மாதிரியே இருக்கும், உண்மைக் கதை பின்பக்கத்தில். ஆள் எடுப்பவர்கள் இப்போது சான்றிதழைத் திருப்பித்தான் பார்க்கிறார்கள். அரசு அலுவலகமாக இருந்தால் பல்கலைக்கழகத்துக்கே எழுதி உண்மைத்தன்மைச் சான்று வாங்குவார்கள். 'யாருக்கும் தெரியாதுங்க சார், ரெகுலர் மாதிரியே இருக்கும்' என்று எந்த ஏஜென்டாவது சொன்னால், போனை வைத்துவிடலாம்.

சூரமங்கலத்துப் பெரியவரே, உங்கள் மகனுக்கு அந்த பி.டெக். வேண்டாம். கம்பெனிக்காரன் மதிப்பானா என்பது அப்புறம், அப்படி ஒரு படிப்பு சட்டப்படி இருக்கவே முடியாது. வேலையில் இருந்துகொண்டே படிக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. டிப்ளமோ படித்தவர்களுக்கான பகுதிநேர பி.இ. வகுப்புகள் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே பல காலம் நடந்தன. 2023-24 முதல் வேலையில் இருப்பவர்களுக்கென்றே ஒரு திட்டத்தை ஏ.ஐ.சி.டி.இ. கல்லூரிகளில் கொண்டுவந்திருக்கிறது. இந்த ஆண்டு எந்தக் கல்லூரியில் இடம் என்று கருப்பூரில் நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். வகுப்புக்குப் போகத்தான் வேண்டும், ஷிப்டு முடிந்து தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது லேபில் நிற்கத்தான் வேண்டும். இன்ஜினீயர்கள் அமைப்பு நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதலாம் என்று யாராவது சொன்னால், அது 2013 மே 31க்குள் பதிந்தவர்களுக்குத்தான் இன்ஜினீயரிங் பட்டத்துக்குச் சமம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மருமகள் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். பிளஸ் டூ முடித்திருக்கிறார், வரிசை சரியாக இருக்கிறது. பி.காம். தொலைநிலையில் படிக்கலாம், வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் செல்லும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ இக்னோவோ, எதுவானாலும் யு.ஜி.சி. தொலைநிலைப் பிரிவின் இணையதளத்தில் அந்தப் படிப்பும் இந்த ஆண்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 2024 முதல் மாணவரே அந்தத் தளத்தில் பதிந்து 'டெப் ஐ.டி.' என்று ஓர் எண் வாங்க வேண்டும். அதை மருமகளே தன் போனில் போடட்டும். ஸ்டடி சென்டர்காரர் 'நாங்களே போட்டுத் தர்றோம்மா' என்று தன்னுடைய போன் நம்பரைக் கொடுத்துவிட்டால், பிறகு ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும்.