கடல் அரக்கனை வடித்தல்

பெங்களூருவில் 1997-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் தொடக்ககாலக் கணினி விளையாட்டு நிறுவனங்களுள் ஒன்றாகும். அயல்நாட்டு விளையாட்டுகளில் ஓடும் மகிழுந்துகளை முப்பரிமாண உருவங்களாக வடித்துத் தந்து அது பெயர் பெற்றது. 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனத்தின் உடைமையாயிற்று. மகிழுந்தை வடிப்பதற்கு அளந்து பார்க்க ஒரு மகிழுந்து உண்டு. திகில் விளையாட்டில் பகையாக வரும் கடல் அரக்கனை வடிப்பவர் எதனை அளப்பார்?

இவ்வினாவைப் பழங்காலச் சிற்பிகளும் எதிர்கொண்டனர். பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 210 கி.மீ. தொலைவில் உள்ள ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயில், 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 2023-இல் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றது. அதன் சுவரில் வரிவரியாகச் செதுக்கப்பட்ட உருவங்களிடையே, வருணனின் ஊர்தியாகிய மகரமும் ஒரு வரிசையில் அமைந்துள்ளது. யானையின் துதிக்கை, முதலையின் வாய், சிங்கத்தின் கால், மயிலின் தோகை ஆகியவை ஓருடலில் பொருந்தியதே மகரம். உறுப்புகள் யாவும் நாம் அறிந்தவை. அவற்றின் சேர்க்கையே அறியாதது. முழுவதும் புதிதான ஓர் உருவத்தைக் கண்டால் மனம் வியந்து நின்றுவிடும். அறிந்த வாயொன்று பொருந்தாத உடலில் அமைந்தால்தான் அச்சம் பிறக்கும். இன்றைய ஓவியரும் முதலில் விலாங்கு, கணவாய், சுறா முதலியவற்றின் உடலமைப்பைக் கற்ற பின்னரே அரக்கனை வரையத் தொடங்குகின்றனர்.

உருவத்தைப் போலவே அளவும் அச்சம் தருவது. ‘திமி’ என்னும் பெருமீனை விழுங்குவது என்பதே ‘திமிங்கிலம்’ என்னும் சொல்லின் பொருள். அதனையும் விழுங்கும் ‘திமிங்கிலகிலம்’ என்ற ஒன்றையும் பழைய கதைகள் கற்பித்தன. ஓர் உயிரின் பெருமையை எண்ணால் கூறாமல், அது எதனை விழுங்கும் என்று கூறியது நுட்பமான முறையாகும். விளையாட்டிலும் அரக்கனருகே ஒரு சிறு படகு மிதந்தால்தான் அதன் பருமன் விளங்கும்.

எனினும் சிற்பத்திற்கும் விளையாட்டுப் பகைக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மகரம் சுவரில் நிற்கிறது. விளையாட்டின் அரக்கனோ பாய்கிறது. அது முன்னறிவிப்பின்றிப் பாய்ந்து கொன்றால், ஆடுபவர் அஞ்சமாட்டார். சினந்து ஆட்டத்தைக் கைவிடுவார். ஆகவே தாக்குவதற்கு முன் உடல் சுருங்குதல், கண் ஒளிர்தல், நீர் கலங்குதல் போன்ற ஏதேனும் ஓர் அறிகுறி வைக்கப்படுகிறது. அறிகுறி மிகத் தெளிவாயின் திகில் குன்றும். மிக மங்கலாயின் அது சூழ்ச்சியாகத் தோன்றும். வடிவமைப்பாளர் பலமுறை ஆடிப் பார்த்துத் திருத்துவது பெரும்பாலும் இந்த நொடிக்கணக்கையே.

2018-இல் முழுமையாக வெளிவந்த ‘சப்னாட்டிகா’ இதற்கு நல்ல சான்று. அதில் வரும் ‘ரீப்பர்’ என்னும் பெரும் கடல்விலங்கு கண்ணுக்குத் தெரியுமுன், அதன் முழக்கம் தொலைவிலிருந்து செவிக்கு எட்டுகிறது. எத்திசையிலிருந்து வருகிறது என்று தேடும் அந்நேரமே அவ்விளையாட்டின் மிகக் கொடிய பகுதி எனலாம். கடித்தல் அதற்குப் பின் வருவது.

இங்கே கடலின் இயல்பும் துணைபுரிகிறது. ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி மிகக் குறைவு. 1000 மீட்டருக்குக் கீழே அது எட்டுவதே இல்லை. இருளில் மறைந்த பகுதியைக் கணினி முழு நுணுக்கத்துடன் வரைய வேண்டுவதில்லை. 1999-இல் வெளிவந்த ‘சைலண்ட் ஹில்’ என்னும் திகில் விளையாட்டில், அக்காலக் கருவியின் குறைந்த ஆற்றலை மறைக்கவே எங்கும் மூடுபனி பரப்பப்பட்டது. அப்பனியே பின்னர் அவ்விளையாட்டின் புகழுக்குக் காரணமாயிற்று. ஆற்றல் குறைந்த கைப்பேசிக்காக அரக்கனை வடிப்பவர்க்குக் கலங்கிய நீரும் அவ்வாறே உதவுகிறது: துடுப்பு ஒன்றையும் விழி ஒன்றையும் மட்டும் செம்மையாக வரைந்து, எஞ்சிய உடலை அவர் இருளிடம் விட்டுவிடலாம்.