பூட்டுவதற்குச் சாவி எதற்கு?

மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. அங்கே மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரே ஒரு யுஎஸ்பி டோக்கன். “இந்த ஒரு டோக்கனை வைத்தே மூன்றிலும் உள்ள பார்ட்டி ஃபைல்களை என்கிரிப்ட் செய்ய முடியுமா? ஒவ்வொரு தடவையும் பிடுங்கிப் பிடுங்கிச் செருக வேண்டுமா?”

ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இந்த டோக்கன் புதிதல்ல. சுங்க ஆவணங்களுக்கு டிஜிட்டல் கையெழுத்து 2016 ஜனவரியில் கட்டாயமானதிலிருந்து அது மேசை மேல் கிடக்கும் பொருளாகிவிட்டது. பார்வைக்குப் பென் டிரைவ். ஆனால் ஒரு சினிமாப் பாட்டைக்கூட அதில் ஏற்ற முடியாது. உள்ளே இருப்பது ஏடிஎம் கார்டில் இருப்பதைப் போன்ற ஒரு சில்லு. அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே வாழும் ஒரு ரகசிய எண், கூடவே ஊருக்கெல்லாம் காட்டக்கூடிய, பொதுச்சாவி அடங்கிய பொதுச் சான்றிதழ்.

பதில்: பூட்டுவதற்கு டோக்கனே வேண்டாம். திறப்பதற்குத்தான் வேண்டும்.

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் உண்டியலில் யார் வேண்டுமானாலும் காசு போடலாம். எடுக்கத்தான் அதிகாரியும் சாவியும் வர வேண்டும். பொதுச்சாவி மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இந்த உண்டியல்தான். பொதுச் சான்றிதழை மூன்று கம்ப்யூட்டரிலும் நகலெடுத்து வைத்தால் மூன்று இடத்திலும் உண்டியல் வாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் வாய் ரொம்பச் சின்னது. வழக்கமான 2048 பிட் ஆர்எஸ்ஏ முறையில் ஒரு தடவைக்கு 245 பைட்டுக்கு மேல் நுழையாது. ஒரு பில் ஆஃப் என்ட்ரியை ஸ்கேன் செய்தாலே லட்சக்கணக்கில் பைட் வந்துவிடும்.

அதனால் கம்ப்யூட்டர் ஒரு வேலை செய்கிறது. ஃபைலை ஒரு டிரங்குப் பெட்டிக்குள் வைத்து, அந்த நொடியில் செய்த புத்தம்புதுப் பூட்டைப் போடுகிறது. அந்தப் பூட்டின் சாவி வெறும் 32 பைட். அதை உண்டியலில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறது. பெட்டி 4 ஜிபி கனமாக இருந்தாலும் உண்டியலுக்குக் கவலையில்லை. பெட்டியைப் பூட்டும் உழைப்பு முழுக்கக் கம்ப்யூட்டருடையது. “எங்கள் டோக்கன் உங்கள் ஹார்டு டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்யும்” என்று விளம்பரம் செய்பவரிடம் அந்தச் சின்னச் சில்லுக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.

அறநிலையத் துறை மன்னிக்குமென்றால் உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். உண்டியலுக்குள் ஒரு பூசாரி உட்கார்ந்திருக்கிறார். பின் நம்பரைச் சரியாகச் சொன்னால், உள்ளே விழுந்த 32 பைட் சாவியை எடுத்துச் சந்து வழியாக நீட்டுவார். உண்டியல் சாவியை மட்டும் சொந்தக்காரருக்கே தரமாட்டார். தப்பு நம்பரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் வாயை மூடிக்கொள்வார். சரி, அவருக்கு உடம்பு சரியில்லையென்றால்? அதற்கும் வழி உண்டு. அதே டிரங்குச் சாவிக்கு நகல் எடுத்து, ஒன்றைத் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் உண்டியலிலும், இன்னொன்றை இராயபுரம் அங்காளபரமேஸ்வரி உண்டியலிலும் போட்டுவிடலாம். பெட்டி ஒன்றுதான், மூன்றில் எந்தப் பூசாரி கண் விழித்தாலும் திறக்கும். ஒரு ஆளைக் கூடுதலாகச் சேர்த்தால் ஃபைலில் ஏறும் எடை சுமார் 256 பைட். மறையாக்கத்தில் இதைவிட மலிவான, அழகான வித்தை வேறில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தமிழக அரசின் மின் டெண்டர் தளம் தேசிய தகவல் மையம் எழுதிய மென்பொருளில் ஓடுகிறது. ஒப்பந்ததாரர் ஏற்றும் ஆவணம் முதலில் ஒரு தற்காலிகச் சாவியால் பூட்டப்படும். பிறகு அந்தச் சாவி, டெண்டர் திறக்கும் அதிகாரிகளின் பொதுச்சாவிகளால் மூடப்படும். எண்ணூரிலிருந்து நள்ளிரவில் விலைப்புள்ளி ஏற்றியவரின் தொகையை, அந்த அதிகாரிகள் தங்கள் டோக்கனோடு உட்காரும் வரை யாரும் படிக்க முடியாது என்பதே ஏற்பாடு.

வரலாறு கேட்பவர்களுக்காக: பொதுச்சாவி யோசனையை டிஃபியும் ஹெல்மனும் 1976இல் வெளியிட்டார்கள், ஆர்எஸ்ஏ 1977இல் வந்தது. பிரிட்டிஷ் உளவுத் துறையின் ஜேம்ஸ் எல்லிஸ் 1970இலேயே இதை யோசித்தும், 1997 வரை அது வெளியே வரவில்லை. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து முதல் சான்றளிப்பு உரிமம் சென்னையின் சேஃப்ஸ்கிரிப்ட் நிறுவனத்துக்குக் கிடைத்தது. போதும்.

‘ராணுவத் தரம்’, ‘உடைக்கவே முடியாது’ என்ற டோக்கன் அட்டைப்பெட்டி வாசகங்களுக்கு வருவோம். ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் சில்லுகள் ஆர்எஸ்ஏ எண்களை ஊகிக்கத்தக்க விதத்தில் உருவாக்கியது 2017இல் அம்பலமானது; எஸ்தோனியாவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அடையாள அட்டைகள் சிக்கலில் மாட்டின. 2024இல் யூபிகீ 5 என்ற டோக்கன் வகையின் பழைய பதிப்புகளில், சில்லு கணக்குப் போடும்போது கசியும் மின்காந்த அலையிலிருந்து ரகசியத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்கு டோக்கன் கையில் கிடைக்க வேண்டும், விலையுயர்ந்த கருவியும் வேண்டும். கஸ்டம்ஸ் ஏஜென்ட் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கெட வேண்டிய காரணம் வேறு. பூசாரிக்குக் கண் தெரியாது. பின் நம்பர் சொல்வது முதலாளியா வைரஸா என்று அவருக்குப் புரியாது. 2012இல் கண்டறியப்பட்ட, சைக்கிபாட் என்ற வைரஸின் ஒரு வகை, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அட்டைகளின் பின் நம்பரை விசைப்பலகையிலிருந்தே திருடி, அட்டை செருகியிருக்கும் நேரம் பார்த்து உள்ளே போனது. சில்லை யாரும் உடைக்கவில்லை. நம்மூரில் வைரஸ்கூட வேண்டாம். பல ஆடிட்டர் அலுவலகங்களில் வாடிக்கையாளர்களின் டோக்கன்கள் ரப்பர் பேண்டு போட்டு ஒரே டிராயரில் கிடக்கும், பின் நம்பர் அதன் மேலேயே ஒட்டியிருக்கும். ரகசியச் சாவியைத் தன் வசம் வைத்திருப்பது உரியவரின் கடமை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்வதை டிராயர் படித்ததில்லை.

மூலக்கொத்தளத்துக்காரர் முதலில் பார்க்க வேண்டியது, அவரிடம் இருப்பது கையெழுத்துச் சான்றிதழ் மட்டும்தானா என்பதை. மறையாக்கச் சான்றிதழ் தனி. இரண்டும் சேர்ந்ததைக் கடைக்காரர்கள் ‘காம்போ’ என்பார்கள். திறக்கப்போகும் கம்ப்யூட்டரில் டோக்கனின் டிரைவர் இருக்க வேண்டும். இரண்டாவது ஆளின் டோக்கனுக்கும் சேர்த்தே பூட்ட வேண்டும், ஏனென்றால் கையெழுத்து டோக்கன் தொலைந்தால் காசு கொடுத்துப் புதிது வாங்கிக்கொள்ளலாம்; திறக்கும் டோக்கன் தொலைந்தால் பெட்டியும் போச்சு. சான்றிதழ் காலாவதியான பின்னும் பழைய ஃபைல்களைத் திறக்க அந்தப் பழைய ரகசிய எண்தான் வேண்டும். ஆகவே புதுப்பிக்கும்போது கடைக்காரர், “டோக்கனை அழித்துவிட்டுப் புதுசு ஏற்றித் தரட்டுமா சார், அறுநூறு எழுநூறு மிச்சமாகும்” என்றால், வேண்டாம் என்று சொல்லிப் புது டோக்கனாகவே வாங்கிக்கொள்ளலாம்.