கட்டி வைத்த பிரட் ஏன் கெட்டியானது?

"டீச்சர், காத்துப் படாமத்தானே கட்டி வெச்சோம்? அப்புறம் ஏனுங்க இதுவும் கெட்டியாச்சு?"

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. 'நீர் ஆவியாவதால் பிரட் கெட்டியாகிறது' என்றுதான் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் பதில் பாதிதான் சரி என்பதை அவள் கையில் இருந்த ஒரு துண்டு பிரட் காட்டிவிட்டது.

கோவை - சத்தி சாலையில் அன்னூரைக் கடந்து செல்பவர்களுக்குத் தெரியும், டீக்கடையும் பேக்கரியும் ஒன்றாகவே இருப்பது எங்கள் பகுதியின் வழக்கம். காய்ச்சல் வந்தால் பிரட், பள்ளி விட்டதும் பன் என்று வளரும் பிள்ளைகள் இவர்கள். அதனால் நுண்ணுயிரிகள் பாடத்துக்குப் பிரட்டையே எடுத்துக்கொண்டேன். ஒரே பாக்கெட்டிலிருந்து நான்கு துண்டுகள். ஒன்று தட்டில் திறந்தபடி. ஒன்று காற்றுப் புகாமல் மூடிய கவரில். ஒன்று சில சொட்டு நீர் தெளித்து மூடிய கவரில். இன்னொன்று மூடிய கவரில், என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில். முதல் நாள் மளிகைக் கடைத் தராசில் நான்கையும் எடை போட்டுக் குறித்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் திறந்திருந்த துண்டு எடை குறைந்து மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. மூடிய துண்டின் எடை மாறவில்லை. ஆனாலும் மென்மை போய், பிய்த்தால் உதிர்ந்தது. குளிர்பதனப் பெட்டியில் இருந்ததோ அதைவிடக் கெட்டி. நீர் வெளியேறவே இல்லை என்றால், கெட்டியானது எப்படி?

வரிசைக்குத் திரும்பும் மூலக்கூறுகள்

தேடிப் படித்தபோது, இதே கேள்வியை 1852-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ ஆராய்ந்திருப்பது தெரிந்தது. நீர் வெளியேறாதபடி மூடி வைத்தாலும் ரொட்டி கெட்டியாகும், மீண்டும் சூடாக்கினால் மென்மையாகும் என்று அவர் காட்டினார்.

காரணம் ஸ்டார்ச். மாவில் ஸ்டார்ச் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. நீரோடு சேர்ந்து வேகும்போது அந்த அடுக்கு குலைந்து, நீரை உறிஞ்சி உப்புகிறது. அதுதான் மென்மை. ஆறியபின் அவை மெதுவாக மீண்டும் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காகின்றன. நீர் உள்ளேயே இருந்தாலும் பிரட் விறைக்கிறது.

வகுப்பில் இதை இப்படிச் சொன்னேன்: காலை வழிபாட்டில் வரிசையாக நிற்கிறீர்கள், இடைவேளை மணி அடித்ததும் கலைகிறீர்கள், மறுமணி அடித்தால் மீண்டும் வரிசை. வேகவைப்பது இடைவேளை மணி. ஆறுவது மறுமணி.

"அப்போ காலையில சுட்ட இட்லி ராத்திரி கெட்டியாகுறதும் இதுதானுங்களா?" என்றான் ஒருவன். இதுவேதான். ராகிக்களி இறுகுவதும், குளிர்பதனப் பெட்டியில் வைத்த சோறு விறைப்பதும் இதே கதை. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் இந்த அடுக்கல் மிக வேகமாக நடக்கிறது. உறைந்துவிட்டாலோ மூலக்கூறுகள் நகர முடியாமல் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. எனவே பிரட்டை ஃபிரீசரில் வைக்கலாம். கீழ்த்தட்டில் வைத்தால் பூசணம் தாமதமாகும், ஆனால் சீக்கிரம் கெட்டியாகும்.

மூடி வைத்திருந்த இரண்டாம் துண்டை இட்லிப் பானை ஆவியில் காட்டினோம், மென்மை திரும்பியது. ஆறியதும் மீண்டும் இறுகியது. திறந்து காய்ந்த துண்டை வெறும் தோசைக்கல்லில் சுட்டபோது ரஸ்க்தான் கிடைத்தது. நீரை இழந்ததற்கு நீர் வேண்டும். அடுக்கு மாறியதற்கு வெப்பம் போதும். இரண்டும் வேறு வேறு என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள்.

பூசணம் எங்கிருந்து வந்தது?

நீர் தெளித்த கவரில் சில நாட்களில் வெண்ணிற இழைகளும், பின்பு கறுப்பு, பச்சைப் புள்ளிகளும் தெரிந்தன. ரைசோபஸ், பெனிசிலியம் போன்ற பூஞ்சைகள் பிரட்டில் அடிக்கடி வளர்பவை. அடுப்பில் வேகும்போது பிரட்டின் உட்பகுதி நீரின் கொதிநிலையை நெருங்குவதால் ஸ்போர்கள் பிழைப்பதில்லை. ஆறவைக்கும்போதும், வெட்டும்போதும், பொட்டலம் கட்டும்போதும் காற்றிலிருந்தும் கத்தியிலிருந்தும் கைகளிலிருந்தும் புதிதாக வந்து சேர்கின்றன. சூடு ஆறும் முன்னே கட்டினால் கவருக்குள் வியர்க்கும் நீர் அவற்றுக்கு விருந்து. சித்திரை வெயிலில் காயும் பிரட், ஐப்பசி மழையில் பூப்பதற்கும் ஈரமே காரணம். ரஸ்க்கில் ஈரம் குறைவு. அதனால் பல நாள் தாங்குகிறது. பாக்கெட்டில் 282 என்ற எண் இருந்தால் அது கால்சியம் புரோபியோனேட். பூஞ்சையைத் தாமதப்படுத்துமே தவிர, தடுத்தே விடாது.

முதலில் கேள்வி கேட்ட அதே மாணவி மெதுவாகச் சொன்னாள்: "எங்க அமுச்சி பூசணத்தைக் கிள்ளிப் போட்டுட்டு மிச்சத்தைக் குடுப்பாங்க டீச்சர். வீணாக்கக் கூடாதும்பாங்க."

வகுப்பு அமைதியானது. அமுச்சியின் சிக்கனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நம் கண்ணில் படுவது பூஞ்சையின் ஒரு பகுதிதான். பஞ்சு போன்ற பிரட்டுக்குள் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். சில பூஞ்சைகள் நச்சுப் பொருள்களை உண்டாக்கும். சுட்டாலும் அவை எல்லாம் அழிவதில்லை. 1928-இல் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தது ஒரு பூஞ்சையில் என்பதால், பிரட் பூசணம் மருந்தாகிவிடாது.

பிறகு கரும்பலகையில் எழுதினேன்: "கெட்டியானது கெட்டதல்ல. பூத்தது உணவல்ல." வெறுமனே கெட்டியான பிரட்டை ஆவியில் காட்டலாம், உப்புமா செய்யலாம். பூசணம் கண்டால் முழுவதையும் போட்டுவிட வேண்டும். "வீணாகாமல் இருக்க, பூக்கும் முன்னாலேயே சாப்பிட்டுவிடச் சொல் அமுச்சியிடம்" என்றேன். சிரித்தாள்.

செய்து பார்க்கும் ஆசிரியர்களுக்கு

பூசணம் வளரும் கவரை எக்காரணம் கொண்டும் திறக்கவோ முகரவோ விடாதீர்கள். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஸ்போர்கள் தீங்கு செய்யும். வெளியிலிருந்தே பார்த்து வரையட்டும். முடிந்ததும் மூடிய கவரோடு குப்பையில் சேர்த்துக் கை கழுவச் சொல்லுங்கள். சோதனைத் துண்டுகள் எதையும் யாரும் உண்ண வேண்டாம்.

இன்னொன்று, எனக்கு நானே சொல்லிக்கொள்வது: தெரியாத கேள்வி வந்தால், "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அன்று அப்படிச் சொன்னதால்தான், பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த பாதிப் பதிலின் மறுபாதி எனக்கும் கிடைத்தது.